கோமா கொத்தின் நடுவில் இரண்டு ராட்சதர்கள்: இவை ஒன்றாகுமா, ஆகாதா?

#1 உத்திரம்8

போன சனிக்கிழமை இரவு மலைக்குப் போயிருந்தோம். நிலவு இல்லை, காற்றில் ஈரமும் குறைவு. உத்திரத்துக்கும் சுவாதிக்கும் நடுவே, கொஞ்சம் வடக்கே தள்ளி, கோமா கேலக்ஸிக் கொத்தைத் தேடினேன். கையில் இருப்பது 8 அங்குல டாப்சோனியன் (கையால் திருப்பும் எளிய தொலைநோக்கி)தான். அரை மணி நேரம் ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்திலேயே 7ஆம் பருமனில் (பருமன் என்பது ஒளி அளவு) ஒரு நட்சத்திரம் உட்கார்ந்துகொண்டு கண்ணைக் கூசவைத்தது. அதைப் பார்வைப் புலத்துக்கு வெளியே தள்ளிய பிறகுதான் இரண்டு மங்கல் திட்டுகள் தெரிந்தன. என்ஜிசி 4889, என்ஜிசி 4874 (என்ஜிசி என்பது ஒரு வான்பொருள் பட்டியல்). சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவு. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று வீட்டம்மா கேட்டது வேறு கதை.

இனி கேள்வி. கொத்தின் நடுவில் இருக்கும் பெரிய கேலக்ஸிகள் மற்றவற்றை விழுங்கி வளர்ந்தவை என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். கோமாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அப்படியென்றால் இந்நேரம் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக ஆகியிருக்க வேண்டாமா? ஏன் ஆகவில்லை? அப்புறம், நான் பார்த்த அந்த இரண்டும் ஒரு நாள் ஒன்றாகுமா?

(கேலக்ஸி என்றே எழுதுகிறேன். விண்மீன் பேரடையா, உடுத்திரளா என்று ஆரம்பித்தால் போன இழை மாதிரி நாற்பது பதிவு அதிலேயே போய்விடும்.)

#2 நிலாச்சோறு

இடையில் ஒரு சின்ன சந்தேகம். கேலக்ஸிகள் மோதினால் உள்ளே இருக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் இடித்துக்கொண்டு வெடிக்காதா?

#3 கணக்குப்பிள்ளை

@நிலாச்சோறு வெடிக்காது. சூரியனை ஒரு மிளகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மிளகு சென்னையில் இருந்தால் நமக்கு மிக அருகில் உள்ள அடுத்த நட்சத்திரம் ஏறக்குறைய புதுச்சேரியில் இருக்கும். நடுவில் ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட இரண்டு மிளகுக் கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போனால் எந்த மிளகும் எந்த மிளகையும் தொடாது.

மோதிக்கொள்வது வாயு மேகங்கள்தான். அவை நசுங்கிப் புது நட்சத்திரங்கள் பிறக்கும். ஆனால் கொத்தின் நடுவில் இருக்கும் பெரிய நீள்வட்டக் கேலக்ஸிகளில் குளிர்ந்த வாயு பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். அங்கே நடப்பது உலர் மோதல். வாணவேடிக்கை எதுவும் இருக்காது, பழைய நட்சத்திரங்கள் இடம் மாறும், அவ்வளவுதான்.

#4 பழைய வாத்தியார்

தம்பி உத்திரம், கூட்டம் அதிகம், ஆகவே சேர்க்கையும் அதிகம் என்று எல்லாரும் முதலில் நினைப்பார்கள். நானும் நினைத்தவன்தான். இரண்டு கேலக்ஸிகள் ஒன்றாவதற்கு அருகில் வந்தால் மட்டும் போதாது, மெதுவாக வர வேண்டும்.

கோமாவில் கேலக்ஸிகள் ஓடும் வேகம் நொடிக்கு 1000 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஒரு பெரிய கேலக்ஸிக்குள் நட்சத்திரங்கள் ஓடும் வேகமோ 200, 300தான். இரண்டு கேலக்ஸிகள் நிதானமாக உரசினால், அவற்றின் ஓட்ட ஆற்றல் உள்ளே இருக்கும் நட்சத்திரங்களைக் கலக்கிவிடுவதில் செலவாகும். ஓட்டம் தளரும். கொஞ்சம் விலகிப் போய், திரும்பி வந்து, மறுபடி உரசி, கடைசியில் ஒன்றாகும். 1000 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் உள்ளே இருக்கும் நட்சத்திரங்கள் அந்த இழுப்புக்கு அசைந்து கொடுப்பதற்குள் வந்தவன் போய்விடுவான். எதிரெதிரே போகும் இரண்டு விரைவுப் பேருந்துகளின் ஜன்னல் வழியாகக் கைகுலுக்கப் பார்ப்பது போலத்தான்.

ஆகவே கொத்து என்பது சேர்க்கைக்குத் தோதான இடமே இல்லை. நாலைந்து கேலக்ஸிகள் நொடிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டரில் சுற்றிவரும் சின்னக் குழுதான் அதற்குத் தோதான இடம். கோமா ஏன் ஒரே கட்டியாக ஆகவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

#5 உத்திரம்8

நன்றி ஐயா. ஆனால் இப்போது குழப்பம் கூடிவிட்டது. அங்கே சேர்க்கையே நடக்காது என்றால் நடுவில் அந்த ராட்சதர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

#6 கணக்குப்பிள்ளை

இதற்கு நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் போக வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1943இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தபோது ஒரு கணக்குப் போட்டார். அவர் மனதில் இருந்தது நட்சத்திரக் கொத்துகள்தான், கேலக்ஸிகள் அல்ல. வெள்ளைக் குள்ளனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) எடை வரம்புக்காக அவரைத் தெரிந்த அளவுக்கு இதற்காக யாருக்கும் தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

விஷயம் இதுதான். கனமான ஒரு பொருள், சின்னச் சின்னப் பொருள்கள் நிறைந்த வெளியில் ஓடுகிறது. அதன் ஈர்ப்பு அக்கம்பக்கத்தில் உள்ளவற்றை உள்நோக்கி வளைக்கிறது. அவை வளைந்து வந்து சேர்வதற்குள் அது முன்னே போய்விடுகிறது. ஆக, அதன் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் கூட்டம் திரண்டு நிற்கிறது. அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு அதைப் பின்னுக்கு இழுக்கிறது. தொடாமலேயே ஒரு உராய்வு. இயக்கவியல் உராய்வு என்பார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். இழுப்பு, எடையின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடும். அதிவேகத்தில் போனால், வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். சின்னவன் தப்பிப்பான், பெரியவன் மாட்டுவான்.

தாளில் போட்ட தோராயக் கணக்கு: கொத்தின் மையத்திலிருந்து 6.5 லட்சம் ஒளியாண்டு தள்ளி, ஒரு லட்சம் கோடி சூரிய எடையுள்ள கேலக்ஸி சுற்றுகிறது என்று கொள்ளுங்கள். அது மையத்துக்கு வந்து விழச் சுமார் 350 கோடி ஆண்டு ஆகும். எடை அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் காலம் ஏறக்குறைய பத்து மடங்கு, 3500 கோடி. பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடிதான். ஆகவே கொத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான நடுத்தர, சின்னக் கேலக்ஸிகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். பெரியவை நாலைந்து மட்டும் நடுவுக்கு இறங்கும். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவனோடு சேரும்.

1975இல் ஆஸ்ட்ரைக்கர், டிரெமெய்ன் என்ற இரு வானியலாளர்களும் இந்தக் கணக்கைத்தான் கொத்துகளுக்குப் பொருத்தினார்கள். தன் இனத்தையே தின்னும் கேலக்ஸி என்ற பேச்சு அதை ஒட்டிப் பிரபலமானது.

#7 பனையோலை

கணக்குப்பிள்ளை அண்ணை, உங்கட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கொத்துக்குள் வரும் கலக்சி முழு எடையோடு மையம் வரை வராது. கொத்தின் ஓத விசை (கிட்டப் பக்கத்தையும் எட்டப் பக்கத்தையும் வேறு வேறு அளவில் இழுக்கும் ஈர்ப்பு) அதன் வெளிப்புறத்தை, முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால் மட்டும் அறியப்படும் கரும்பொருள் போர்வையை, வழி நெடுக உரித்துக்கொண்டே இருக்கும். எடை குறையக் குறைய உராய்வும் குறையும். 350 கோடி என்பது உண்மையில் இன்னும் நீளும். 16 லட்சம் ஒளியாண்டில் தொடங்கினால் உங்கள் கணக்குப்படியே 2000 கோடியைத் தாண்டுகிறது. அப்படியெனில் வெளியிலிருந்து வரும் பெரிய கலக்சி கூட மையத்துக்கு வந்து சேராதே?

#8 கணக்குப்பிள்ளை

@பனையோலை சரியான பிடி. உரிவதை நான் சேர்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பெரிய கேலக்ஸி பெரும்பாலும் தனியாக வருவதில்லை, தன் குழுவையும் கூட்டிக்கொண்டு வருகிறது. குழு முழுவதற்கும் பத்து லட்சம் கோடி சூரிய எடை என்றால், அதே 16 லட்சம் ஒளியாண்டிலிருந்து 200 சொச்சம் கோடி ஆண்டில் இறங்கிவிடும். வழியில் குழு கலைந்து போகும், நடுவில் இருந்த பெரியவன் மட்டும் ஆழத்தில் போய்ச் சேர்ந்திருப்பான்.

வாத்தியார் ஐயா சொன்ன சின்னக் குழு இங்கே வந்து பொருந்துகிறது பாருங்கள். சேர்க்கையில் பெரும்பகுதி கொத்துக்கு வரும் முன்பே, குழுவுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

#9 வெடிகுண்டு வேலு

இவ்வளவு கணக்கு எதற்கு? படத்தைப் பார்த்தாலே தெரியுமே! ஏபெல் 3827 என்ற கொத்தின் நடுவில் நாலு கேலக்ஸிகள் ஒரே மஞ்சள் மூட்டத்துக்குள் கிடக்கின்றன, விழுங்கிக்கொண்டிருப்பது பச்சையாகத் தெரிகிறது. அதில் ஒன்று தன் கரும்பொருளை விட்டு 5000 ஒளியாண்டு விலகி நிற்கிறது, கரும்பொருள் தன்னோடு தானே உரசுகிறது என்பதற்கு அதுவே நிரூபணம். ஏபெல் 2199 நடுவில் இருக்கும் என்ஜிசி 6166இலும் பல மையங்கள். பெர்சியஸ் கொத்தின் நடுவில் என்ஜிசி 1275 மேல் ஒரு கேலக்ஸி நொடிக்கு 3000 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதிக்கொண்டிருக்கிறது. வேகம் அதிகம் என்றால் சேராது என்கிறீர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#10 பழைய வாத்தியார்

வேலு, நாலு உதாரணத்தில் ஒன்றுதான் தேறும்.

ஏபெல் 3827இன் நாலு மையங்கள் உண்மைதான். ஏறக்குறைய 130 கோடி ஒளியாண்டு தொலைவில், நமக்கு இருக்கும் மிக நல்ல காட்சிகளில் அது ஒன்று. ஆனால் கரும்பொருள் விலகல் கதை 2015இல் வந்தது. அதே குழுவினர் ஆல்மா வானொலித் தொலைநோக்கியால் மறுபடி பார்த்து, விலகல் இல்லை என்று 2018இல் அவர்களே சொல்லிவிட்டார்கள். பின்னால் இருக்கும் ஒரு கேலக்ஸியின் ஒளி, கொத்தின் ஈர்ப்பால் வளைந்து பல பிம்பங்களாகத் தெரிகிறது. எது எதன் பிம்பம் என்று முதலில் சரியாகப் பிரிக்க முடியவில்லை. தானே திருத்திக்கொண்ட அந்தக் குழுவுக்கு என் வணக்கம்.

என்ஜிசி 1275 விஷயத்தில் எழுபது வருடக் குழப்பம் இருக்கிறது. இரண்டு கேலக்ஸிகள் மோதும் இடம் என்று 1950களிலேயே சொன்னார்கள். ஆனால் வேகமாக வரும் அந்தக் கேலக்ஸி, பின்னால் கொத்து முழுக்க நிறைந்திருக்கும் சூடான வாயுவின் எக்ஸ் கதிர் மேல் தெளிவாக நிழல் போடுகிறது. என்ஜிசி 1275க்குள் புகுந்திருந்தால் அவ்வளவு தெளிவான நிழல் விழாது. அது இன்னும் முன்னால்தான் இருக்கிறது, மையத்தைத் தொடவில்லை. அந்த நிழலைக் காட்டியது சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. 1999இல் ஏவியது, பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. கேலக்ஸி எப்படி விழும் என்பதும் அவர் கணக்கு, இன்னும் விழவில்லை என்று காட்டியதும் அவர் பெயரில் இருக்கும் கருவி!

என்ஜிசி 6166இல் 1980களில் கவனமாக ஆராய்ந்தபோது, அந்த மையங்களின் வடிவம் எங்கும் சிதைந்திருக்கவில்லை. பார்வைக் கோட்டில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிகின்றன, அல்லது வேகமாகக் கடந்துபோகின்றன. கொத்தின் நடு என்பது நமக்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து தெரியும் இடம் என்பதை மறக்கக் கூடாது. பல மையம் தெரிகிறது என்பது வேறு, சேர்க்கை நடக்கிறது என்பது வேறு. சிதைவு தெரிகிறதா, வேக வித்தியாசம் குறைவா, இரண்டையும் பார்த்த பிறகே பேச வேண்டும்.

#11 வெடிகுண்டு வேலு

சரி ஐயா, ஒன்று பாஸ், மூன்று பெயில். பதிவை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

#12 அடுப்பங்கரை வானியல்

சிதைவு கண்ணுக்குத் தெரியும் உதாரணம் வேண்டுமென்றால், 2007இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் உதவியோடு அறிவித்த ஒன்று. ஏறக்குறைய 500 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு கொத்தின் நடுவில் நாலு பெரிய கேலக்ஸிகள் ஒரே நேரத்தில் சேர்கின்றன. சுற்றிலும் பெரிய விசிறி போல ஒரு ஒளித்தீற்றல். வெளியே வீசப்பட்ட கோடிக்கணக்கான பழைய நட்சத்திரங்கள் அவை. வாயு ஏறக்குறைய இல்லை, புது நட்சத்திரப் பிறப்பும் இல்லை. #3இல் சொன்ன உலர் மோதல் என்பது இதுதான்.

நேரெதிரான உதாரணமும் உண்டு. 2018இல் வெளியான எஸ்பிடி2349-56 என்ற உருவாகிவரும் கொத்து. அந்த ஒளி நம்மை அடைய 1240 கோடி ஆண்டு ஆனது, பிரபஞ்சத்துக்கு அப்போது 140 கோடி வயது. நம் பால்வெளியும் அதன் அக்கம்பக்கமும் அடங்கும் அளவு இடத்தில் 14 கேலக்ஸிகள், எல்லாம் வாயுவில் ஊறியவை, ஆயிரக்கணக்கான சூரியன்களுக்கான வாயுவை ஆண்டுதோறும் நட்சத்திரமாக்கிக்கொண்டிருக்கின்றன. கொத்து இன்னும் உருவாகி முடியவில்லை, வேகங்கள் பெரிதாகவில்லை. பிற்காலத்து ராட்சதனுக்கு மாவு பிசைவது அங்கேதான்.

#13 பனையோலை

இங்கேதான் எனக்குப் பிடித்த சண்டை வருகிறது. 2007இல் டி லூசியா, பிளெய்சோ என்ற ஆய்வாளர்கள் கணினிப் பாவனை (சிமுலேஷன்) ஒன்றை வெளியிட்டார்கள். நடுக் கலக்சியில் இருக்கும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஆதிகாலத்திலேயே, பல சின்னக் கலக்சிகளில் பிறந்துவிட்டனவாம். ஆனால் அவை ஒரே கலக்சியாகச் சேர்ந்தது மிகப் பிந்தி. எடையில் பாதி கடைசி 500 கோடி ஆண்டில்தான் ஒரே இடத்துக்கு வருகிறது. செங்கல் பழசு, வீடு புதுசு.

2009இல் சுபாரு தொலைநோக்கியால் 900 கோடி ஆண்டுக்கு முந்தைய ஐந்து கொத்துகளைப் பார்த்தவர்கள், வீடே அப்போதே ஏறக்குறையக் கட்டி முடிந்துவிட்டது என்றார்கள். பாவனைக்கு நேரெதிர். 2012இல் வேறு குழு, இன்னும் நிறையக் கொத்துகளை எடுத்து, கொத்தின் எடைக்கும் திருத்தம் செய்து பார்த்தபோது, கிட்டத்தட்ட 700 கோடி ஆண்டு முன்பிருந்து எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது என்று வந்தது. என் சொந்த அபிப்பிராயம்: நடுவில் விழுந்ததெல்லாம் நடுவில் தங்குவதில்லை. எண்ணும்போது சிந்தியதை விட்டுவிட்டால் வளர்ச்சி குறைவாகத்தான் தெரியும்.

#14 நிலாச்சோறு

சிந்தியது என்றால் எங்கே சிந்தியது? விளங்கவில்லை.

#15 அடுப்பங்கரை வானியல்

கேலக்ஸிகளுக்கு இடையில் இருக்கும் வெளியில். அப்படி ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கிறது என்று வானியலாளர் ஸ்விக்கி 1951இல் எழுதியதே கோமாவைப் பார்த்துத்தான். 1933இல் கரும்பொருள் என்ற எண்ணத்துக்கு அவரை இழுத்துவந்ததும் இதே கொத்துதான். உத்திரம் அண்ணன் பார்த்த அந்த இரண்டு திட்டுகளுக்கு நடுவே இருட்டாகத் தெரிந்த இடம் முழுக்க அநாதை நட்சத்திரங்கள். எந்தக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லை. 1998இல் கோமாவுக்குள் இப்படிக் கிழிந்து தொங்கும் நீளமான தீற்றல்களையே படம் பிடித்தார்கள்.

என்ஜிசி 6166ஐ வேலு சொன்னதற்கு இதில் ஒரு பயன் உண்டு. அதன் நடுவில் நட்சத்திரங்களின் வேகச் சிதறல் (வேகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்ற அளவு) நொடிக்கு 300 கிலோமீட்டர். வெளியே போகப் போக ஏறி 800ஐத் தாண்டுகிறது, கொத்தின் கேலக்ஸிகள் ஓடும் அதே வேகம். அதாவது வெளிவிளிம்பில் இருக்கும் நட்சத்திரங்கள் அந்தக் கேலக்ஸியின் பேச்சைக் கேட்பதில்லை, கொத்தின் பேச்சைக் கேட்கின்றன. கேலக்ஸி எங்கே முடிகிறது, கொத்து எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டுக்காரர்களா, ஊர்க்காரர்களா என்பது போல.

#16 செல்லாக்காசு

கருந்துளைகள் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஒவ்வொரு பெரிய கேலக்ஸிக்கும் நடுவில் ஒன்று இருக்குமே. கேலக்ஸி சேர்ந்தால் அதுவும் சேருமா?

#17 கணக்குப்பிள்ளை

சேரும் என்றுதான் எதிர்பார்ப்பு, ஆனால் சும்மா சேராது. இரண்டு கருந்துளைகளும் ஒன்றையொன்று சுற்றும்போது, அருகில் வரும் நட்சத்திரங்களைக் கவண் கல் மாதிரி வெளியே எறிந்துதான் நெருங்க முடியும். அதனால் கேலக்ஸியின் நடுப்பகுதி குடைந்தது போல வெறுமையாகிவிடும். ஏபெல் 85இன் நடுவில் இருக்கும் ஹோம் 15ஏ அப்படிப்பட்டது. நடுவில் வெளிச்சம் தட்டையாகப் பரந்து கிடக்கிறது. 2019இல் அளந்தபோது அதன் கருந்துளை 4000 கோடி சூரிய எடை. ஒப்பிட, 2019இல் படம் வந்ததே, விர்கோ கொத்தின் எம்87, அது 650 கோடி.

இதைவிட விசித்திரம் ஏபெல் 2261. நடுக் கேலக்ஸியில் 10,000 ஒளியாண்டு அகலத்துக்குத் தட்டையான மையம். அவ்வளவு பெரிதாகக் குடைந்தவன் அங்கேயே இருக்க வேண்டுமல்லவா? சந்திரா தொலைநோக்கியால் தேடியும் அகப்படவில்லை. சேர்ந்தபோது கிளம்பிய ஈர்ப்பலைகளின் உதைப்பில் வெளியே எறியப்பட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. தீனி இல்லாமல் அமைதியாக அங்கேயே கிடக்கவும் கிடக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது, கதையாக முதலாவது அழகு.

இன்னும் சேராத ஜோடி பார்க்க வேண்டுமென்றால் ஏபெல் 400. 25,000 ஒளியாண்டு இடைவெளியில் இரண்டு கருந்துளைகள், இரண்டிலிருந்தும் வானொலித் தாரைகள் கிளம்பி, ஒரே பக்கமாக வளைந்து பறக்கின்றன. இரண்டும் ஒன்றாகக் கொத்து வாயுவுக்குள் ஓடுவதால், பைக்கில் போகும் இருவரின் துண்டுகள் ஒரே பக்கம் பறப்பது போல.

#18 உத்திரம்8

எல்லாருக்கும் நன்றி. என் இரண்டாவது கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. 4889, 4874?

#19 பழைய வாத்தியார்

மறக்கவில்லை தம்பி, வருகிறேன்.

ஒரு கொத்தின் நடுவில் பொதுவாக ஒரே ராட்சதன்தான் இருப்பான். கோமாவில் ஏன் இரண்டு? அது ஒரே கொத்தாகப் பிறக்கவில்லை. இரண்டு கூட்டங்கள், தத்தம் நாட்டாமைகளோடு வந்து சேர்ந்தவை. இரண்டின் வேகமும் பார்வைக் கோட்டில் நொடிக்கு 700 கிலோமீட்டர் அளவுக்கு வித்தியாசப்படுகிறது. அமைதியாக உட்கார்ந்துவிட்ட கொத்தில் நடுவில் இருப்பவன் அப்படி ஓடமாட்டான். போதாததற்குத் தென்மேற்கே என்ஜிசி 4839ஐத் தலைவனாகக் கொண்ட மூன்றாவது குழு ஒன்றும் கலந்துகொண்டிருக்கிறது. சண்டை முடியாத வீடு அது.

வானத்தில் அந்த இரண்டுக்கும் இடைவெளி ஏழு ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க் நிமிடம்). 32 கோடி ஒளியாண்டில் அது சுமார் 6.5 லட்சம் ஒளியாண்டு. முன்பின் இடைவெளி தெரியாததால் உண்மையில் இன்னும் கூடுதலாக இருக்கலாம். கணக்குப்பிள்ளை #6இல் எடுத்த தூரமும் அதேதான், தெரிந்தே எடுத்தாரா தெரியவில்லை. இரண்டும் கனமானவை, ஆகவே உராய்வு விடாது. சில நூறு கோடி ஆண்டுகளில் ஒன்றாகும் என்று பந்தயம் கட்டுவேன். 4889இல் மட்டும் ஏறக்குறைய 2100 கோடி சூரிய எடையுள்ள கருந்துளை இருப்பதாக 2011இல் மதிப்பிட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் அந்த மையமும் ஹோம் 15ஏ போலக் குடைந்து தட்டையாகும்.

ஆனால் அவற்றைச் சுற்றி இருக்கும் நூற்றுக்கணக்கான சின்னக் கேலக்ஸிகள் அப்போதும் இதே ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

#20 கணக்குப்பிள்ளை

தெரிந்தேதான் எடுத்தேன் ஐயா 🙂

#21 உத்திரம்8

அருமை. வீட்டம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "அப்போ நடுவுல இருட்டா இருந்த இடத்துலயும் நட்சத்திரம் இருக்கா? அதைப் படம் எடுக்க முடியுமா?" என்று கேட்டாள். டாப்சோனியனில் நீண்ட எக்ஸ்போஷர் சரிப்படாது. யாரிடமாவது ஈக்குவடோரியல் மவுண்ட் (வானத்தின் சுழற்சியைத் தொடர்ந்து திரும்பும் தாங்கி) இருந்தால், அடுத்த அமாவாசைக்கு ஒரு நாள் கடன் கிடைக்குமா?

#22 அடுப்பங்கரை வானியல்

மவுண்ட் என்னிடம் இருக்கிறது. கொத்தின் அநாதை வெளிச்சம் சிக்காது, அது இரவு வானத்தின் சொந்த மினுக்கத்தைவிடப் பல மடங்கு மங்கல். ஆனால் 4874ஐச் சுற்றி இருக்கும் பரந்த மூட்டம் ஓரளவு வரும். அந்த 7ஆம் பருமன் நட்சத்திரத்தை ஃபிரேமுக்கு வெளியே வைக்க மறக்காதீர்கள். தனிமடலில் வாருங்கள்.